ஸ்டுட்கார்ட்டில் ரயில், ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம்: நடுவில் எவ்வளவு நேரம் விடுவது?

வாசகர் கேள்வி, 3 நவம்பர் 2024

அண்ணா, டிசம்பர் 20 காலை 10 மணி வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேர் விமானம். நான் இருப்பது ஸ்டுட்கார்ட். ஒரு ஐ.சி.இ அதிவேக ரயில் 8 மணிக்கு விமான நிலைய ஸ்டேஷனிலேயே இறக்கிவிடுகிறது. கையில் ரெண்டு மணி நேரம் இருக்கு. ஜெர்மன்காரன் ரயில், போதாதா? ரூம்மேட் சும்மா பயமுறுத்துறான்.

3 நவம்பர் 2024, இரவு

போதாது. ரூம்மேட் சொல்வதைக் கேள்.

4 நவம்பர் 2024

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது விவரமாக.

"ஜெர்மன்காரன் ரயில்" என்பது ஊரில் நம் மாமாக்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் சங்கதி. ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் தானே வெளியிட்ட கணக்குப்படி, 2023இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 64 சதவீதம். இந்த 'நேரத்துக்கு' என்பதிலும் கொஞ்சம் தாராளம் உண்டு. 6 நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே சேர்த்துக்கொள்வார்கள். ரத்தான ரயில் கணக்கிலேயே வராது. வராத ரயில் எப்படித் தாமதமாக வரும்?

அடுத்து உன் ரெண்டு மணி நேரம். விமானம் 10 மணிக்கு என்பது விமானியின் கவலை. உன் கவலை 9 மணி. இந்தியா மாதிரி நீள்தூர விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் (உன் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்). ரயில் 8 மணிக்கே வந்துவிட்டது என்று வைப்போம். நெடுந்தூர ரயில்கள் 4 முதல் 7 வரையுள்ள பிளாட்பாரங்களில் நிற்கும். அங்கிருந்து எஸ்கலேட்டரில் மேலே ஏறி, அந்த நீளமான கண்ணாடிக் கட்டடத்தைத் தாண்டி, பாலம் கடந்து டெர்மினல் 1க்குப் போகப் பெட்டியோடு கால் மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சென்னை விமானம், ஆளுக்கு ரெண்டு பெட்டி, அதில் ஒன்று கட்டாயம் எடை கூடியிருக்கும், கவுண்டரிலேயே திறந்து சாக்லேட்டை வெளியே எடுப்பார்கள். அந்த வரிசைக்கு முக்கால் மணி நேரம். மணி 9 ஆகிவிட்டது. எல்லாம் சரியாக நடந்தும் கையில் மிச்சம் சைபர்.

அதனால் நான் மணிக்கணக்கு பார்ப்பதே இல்லை, ரயில்கணக்குதான். நீ ஏறப்போகிற ரயில் வரவே வராது என்று வைத்துக்கொள். அதற்கடுத்த ரயிலில் ஏறினால் கவுண்டர் மூடுவதற்கு முன் போய்விடுவாயா? முடியாது என்றால் அந்தத் திட்டமே வேண்டாம். முடியும் என்றால், அதுவும் வராமல் மூன்றாவது ரயிலில் போனால்? வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவன் இந்த ரெண்டாவது கேள்விக்கும் 'போய்விடுவேன்' என்று சொல்ல முடிய வேண்டும்.

உன் கேஸில் இதன் அர்த்தம்: அந்த 8 மணி ரயில் உன் மூன்றாவது ரயிலாக இருக்க வேண்டும், முதல் ரயில் 6 மணிக்கு விமான நிலையத்தில் இறங்குகிற ரயில். எழுந்திருப்பது கஷ்டம்தான்.

5 நவம்பர் 2024

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "நான் எப்பவும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் போறேன், ஒரு தடவை கூட விட்டதில்லை."

அக்கா, உங்கள் ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு நேர் பஸ் ஓடுகிறது. அதுவும் இல்லாவிட்டால் டாக்ஸி, அதுவும் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்காரரின் கார். தூரத்தை விட மாற்றுவழி எத்தனை என்பதுதான் முக்கியம். ஸ்டுட்கார்ட்காரனுக்கு ஐ.சி.இ போனால் மிச்சம் இருப்பது உள்ளூர் ரயில்கள். மாறி மாறி ஏறி இறங்கி மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மாதம் 49 யூரோ கட்டி எடுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் அவற்றில் செல்லும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

9 நவம்பர் 2024

முக்கியமான ஒன்று. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் நடுவிலுள்ள ரீட்பான் பாதை ஜூலை 15 முதல் முழுதாக மூடிக் கிடக்கிறது. சுமார் 70 கிலோமீட்டர் பாதையின் தண்டவாளம், சிக்னல், மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் ரயில்களுக்கு அதுதான் வழக்கமான வழி. இப்போது டார்ம்ஸ்டாட் பக்கமாகவோ மைன்ட்ஸ் பக்கமாகவோ சுற்றிப் போகின்றன, நேரம் கூடுகிறது, சில ரயில்களே இல்லை.

டிசம்பர் 14 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். நம் தம்பி 20ஆம் தேதி பயணம். திறந்த பாதையில் முதல் வாரம். புது சாஃப்ட்வேரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் என்றால் என்ன என்று.

10 நவம்பர் 2024

டிக்கெட் வகை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இதில்தான் குழப்பம் அதிகம்.

ஒன்று, ரயிலும் விமானமும் தனித்தனி டிக்கெட். ரயில் தாமதமாகி விமானம் போய்விட்டால் ரயில்காரர்கள் தருவது ரயில் கட்டணத்தில் ஒரு பங்கு மட்டும்: 60 நிமிடத் தாமதத்துக்கு 25 சதவீதம், 120க்கு 50 சதவீதம். 2023 ஜூனில் வந்த ஐரோப்பிய விதிகளின்படி, கடும் வானிலை, தண்டவாளத்தில் ஆள் நடமாட்டம் போன்ற காரணங்களால் தாமதம் என்றால் அதுவும் கிடையாது. விமான டிக்கெட் போனால் போனதுதான். மலிவு விலை ரயில் டிக்கெட் என்றால் குறிப்பிட்ட ரயிலில்தான் போக வேண்டும். ஆனால் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். பலருக்கு இது தெரியாமல் தங்கள் ரயிலுக்காகவே தவம் கிடக்கிறார்கள்.

ரெண்டாவது, ரெயில் அண்ட் ஃப்ளை. விமான டிக்கெட்டோடு சேர்த்து வருவது. எந்த ரயிலிலும் ஏறலாம். போகும்போது விமான நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் செல்லும், திரும்பும்போது இறங்கிய நாளிலும் மறுநாளிலும் செல்லும். எந்த ரயில் என்பதை நீதான் தேர்ந்தெடுக்கிறாய், அதனால் நேரத்துக்குப் போவதும் உன் பொறுப்பு என்பார்கள். (சுற்றுலா பேக்கேஜ் என்றால் கதை வேறு. பயண நிறுவனம் ரயிலையும் தன் சேவையாகக் காட்டி விற்றிருந்தால் ரயில் தாமதத்துக்கு அதுவே பொறுப்பு என்று 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நம்மில் யாரும் பேக்கேஜில் ஊருக்குப் போவதில்லை.)

மூன்றாவது, லுஃப்தான்சாவின் எக்ஸ்பிரஸ் ரெயில். ரயிலுக்கே ஒரு விமான எண் இருக்கும். ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்துக்கு விமான நிலையங்களுக்குக் கொடுப்பது போல மூன்றெழுத்துக் குறியீடே உண்டு, இசட்.டபிள்யூ.எஸ். இதில் ரயில் தாமதமானால் அது இணைப்பு விமானம் தாமதமானது போல. உன்னை அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை. தம்பி, உன் டிக்கெட்டில் 'இசட்.டபிள்யூ.எஸ்' என்று இருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடலாம்.

10 நவம்பர் 2024, கொஞ்ச நேரம் கழித்து

தம்பி பதில் போட்டான். அவன் டிக்கெட் தனித்தனி. 'சீப்பா இருந்துச்சுண்ணா.' சரி, பழையபடி ரயில்கணக்கு.

17 நவம்பர் 2024

"ஒரு ரயில் போனா அடுத்த ரயில், இதுல என்ன பெரிய விஷயம்?" என்று ஒருவர். அந்த ஒரு ரயில் போகிற விதத்தைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், மனைவி, கைக்குழந்தை, நான், மூன்று பெட்டி, ஒரு ஸ்ட்ரோலர். எங்கள் ரயில் மன்ஹைமுக்குக் கொஞ்சம் முன்னால் வயல்வெளியில் நின்றது. தண்டவாளத்தில் ஆட்கள் நடமாட்டம், போலீஸ் வந்து பார்த்த பிறகுதான் கிளம்பும் என்று அறிவிப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. 10 நிமிடம் என்றார்கள், அப்புறம் 25, அப்புறம் எண்ணைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பையிலிருந்து ரொட்டியும் வேகவைத்த முட்டையும் எடுத்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஒருவழியாக மன்ஹைம் வந்தது. இந்த ரயில் இனி விமான நிலையத்தில் நிற்காது, வேறு வழியாகப் போகிறது, இறங்குங்கள் என்றார்கள். இறங்கினால், எங்களுக்கு முந்தைய ரயில், அதுவும் அதே காரணத்தால் மாட்டிக்கொண்டது, இன்னும் வரவே இல்லை. அதாவது காலையில் நாங்கள் 'அவ்வளவு சீக்கிரம் வேண்டாம்' என்று விட்ட ரயிலே இப்போது எங்களுக்கு அடுத்த ரயில். தாமதத்தில் இப்படியும் ஒரு லாபம் உண்டு. செயலியில் கால அட்டவணையைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையைப் பார்க்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? பிளாட்பாரம் மாறியது. லிஃப்டில் நாலு ஸ்ட்ரோலர் வரிசை. ஒரு பெட்டியைப் படியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி வந்தேன். மூச்சு வாங்கும்போது மறுபடி அறிவிப்பு: ரயில் பெட்டிகளின் வரிசை இன்று தலைகீழ். ரயில் வந்த பிறகு முழு நீளமும் ஓடினோம். ஐ.சி.இ எவ்வளவு நீளம் என்பது குழந்தையோடு ஓடியவனுக்குத்தான் தெரியும்.

விமானம் ஏறினோம். முதலில் போட்ட திட்டத்தில் ஒரு ரயில் உபரி இருந்ததால் மட்டும்.

இதிலிருந்து பெட்டி பற்றி ஒன்று: ஒரு கைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். நடுவழியில் இறங்கி மாற வேண்டி வரும் என்று நினைத்தே கட்டு. ஹரிபோ மிட்டாயைக் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு: அதில் பெரும்பாலான வகைகளில் ஜெலட்டின் இருக்கிறது, பன்றித்தோலிலிருந்து எடுப்பது. வீட்டில் சைவப் பாட்டி இருந்தால் எடை மிச்சம்.

18 நவம்பர் 2024

முந்தின நாளே போய்விடலாமா என்ற கேள்விக்கு. முதலில் 'வீண் செலவு' என்று எழுதலாம் என நினைத்தேன், யோசித்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அப்பா அம்மாவை வழியனுப்பும் பயணம், கைக்குழந்தை, காலை 7 மணிக்கு முந்தைய விமானம், இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் ஹோட்டல் போடுவது நல்லது. மாணவன் என்றால் கடைசி ரயிலில் போய் டெர்மினலிலேயே உட்காரலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானப் போக்குவரத்துக்குத் தடை, அதனால் இடம் அமைதியாக இருக்கும். ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். டிக்கெட் தனித்தனி என்றால், ரயில் டிக்கெட் எடுக்கும்போதே முந்தைய நாளுக்கு எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

1 டிசம்பர் 2024

எல்லாரும் ஜெர்மனியையே திட்டிக்கொண்டிருந்தோம். நேற்று ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையத்தையே மதியத்திலிருந்து மூடிவிட்டார்கள். இன்று அதிகாலைதான் திறந்திருக்கிறது. பல்லாவரத்தில் சித்தி வீட்டுக்குள் வெள்ளம் புகவில்லை என்று தகவல், நிம்மதி.

3 டிசம்பர் 2024

அந்தப் பக்கத்து இணைப்பையும் பேசித் தீர்த்துவிடலாம், மதுரை, நெல்லைக்காரர்கள் நச்சரிக்கிறார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் நேர் விமானம் சென்னையில் இறங்குவது நள்ளிரவை ஒட்டி. தெற்கே போகும் இரவு ரயில்கள் எல்லாம் அதற்குள் தாம்பரம் தாண்டியிருக்கும். இம்மிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடித்து வெளியே வர ஒன்றரை மணி ஆகலாம். காலை 6 மணிக்கு எழும்பூரிலிருந்து மதுரைக்குத் தேஜஸ் இருக்கிறது, தாராளமாகப் பிடிக்கலாம். அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தாலும் சம்மதிக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவரை மறுபடி ராத்திரியிலேயே ஓட்டவைத்து மதுரைக்குப் போவது எனக்கு விமானத்தை விட பயம்.

ஆனால் நேற்று விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் நடுவில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் அந்தத் தடத்தில் பல ரயில்கள் ரத்து, சில சுற்றிப் போயின. நவம்பர், டிசம்பரில் தெற்கு ரயிலைப் பிடித்து விமானம் ஏறுகிறவர்கள் புயல் செய்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரும்பும் விமானம் சென்னையில் கிளம்புவது பின்னிரவு 2 மணியை ஒட்டி. இங்கேதான் தேதி குழப்பம். 12ஆம் தேதி விமானம் என்றால் 11ஆம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மதுரைக்காரர்கள் 11ஆம் தேதி காலை வைகையில் ஏறினால் மதியத்துக்கு மேல் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். 10 மணி நேரம் மிச்சம் இருக்கும், சித்தி வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். 11ஆம் தேதி ராத்திரி பாண்டியனில் ஏறினால் 12ஆம் தேதி காலை எழும்பூரில் இறங்கி, போன விமானத்தை நினைத்துக்கொண்டு காபி குடிக்கலாம். என் சொந்தத்தில் படித்த ஒருவர் அந்த ரயிலுக்குத்தான் புக் பண்ணி வைத்திருந்தார், கிளம்புகிற வாரம் அத்தை பார்த்துச் சொன்னதால் தப்பினார்.

8 டிசம்பர் 2024

வேலைநிறுத்தம் வருமா என்று கேட்கிறீர்கள். ரயில் ஓட்டுநர் சங்கமான ஜி.டி.எல் இந்த மார்ச் கடைசியில் ஒப்பந்தம் போட்டுவிட்டது, 2026 பிப்ரவரி முடியும்வரை வேலைநிறுத்தம் கிடையாது. இன்னொரு சங்கமான ஈ.வி.ஜியின் ஒப்பந்தம் 2025 மார்ச் 31 வரை. ஆக இந்த கிறிஸ்துமஸுக்கு ரயில் பக்கம் கவலையில்லை.

இந்த வருஷம் மார்ச் 7 நினைவிருக்கிறதா? அன்று ரயில் ஓட்டுநர்கள், லுஃப்தான்சா தரைப் பணியாளர்கள், ஃபிராங்க்ஃபர்ட் பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் எல்லாரும் ஒரே நாளில் வேலைநிறுத்தம். ரயில்கணக்கு, மணிக்கணக்கு எதுவும் அன்று வேலை செய்திருக்காது. வீட்டில் இருந்து தோசை சுட்டுச் சாப்பிட்டவன் புத்திசாலி.

15 டிசம்பர் 2024

ரீட்பான் சொன்ன தேதியில் திறந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. இன்றிலிருந்து புது கால அட்டவணையும் நடப்புக்கு வருகிறது, எனவே நவம்பரில் பார்த்து வைத்த ரயில் நேரங்களை மறுபடி சரிபார்க்கவும்.

மன்ஹைமிலிருந்து விமான நிலையத்துக்கு மறுபடி அரை மணி நேரத்தில் போய்விடலாம், பல திசை ரயில்களும் அங்கே வந்து சேர்கின்றன. இதனால் என் கணக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: மன்ஹைம்வரை போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கார்ல்ஸ்ரூ, ஹைடல்பர்க்காரர்களுக்கு உபரி ஒரு ரயில் போதும். தம்பி, உனக்கு இன்னும் ரெண்டுதான்.

22 டிசம்பர் 2024

தம்பி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். தகவல்: அதிகாலை ரயில் நேரத்துக்கு வந்தது, 6 மணிக்கே விமான நிலையம், கவுண்டரில் கூட்டமே இல்லை, அப்புறம் கேட் பக்கத்தில் மூன்று மணி நேரம் ஈ ஓட்டினான். ரூம்மேட் அன்று வேலை மெனக்கெட்டு அந்த 8 மணி ரயிலைச் செயலியில் பார்த்திருக்கிறான். அதுவும் நேரத்துக்கு வந்ததாம். "சும்மா தூக்கத்தைக் கெடுத்தீங்கண்ணா" என்று ஒரு செய்தி, கூடவே அம்மா சுட்ட அதிரசத்தின் படம்.

அந்த 8 மணி ரயிலில் போயிருந்தால் கவுண்டரில் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

12 ஜனவரி 2025

2024 கணக்கு வந்துவிட்டது: 62.5 சதவீதம். 2023ஐ விடக் குறைவு. ரீட்பான் திறந்தது இந்த வருஷக் கணக்கில்தான் தெரியும். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025 ஜனவரியில் 58 யூரோ ஆகிவிட்டது, மேலே 49 என்று எழுதியதைத் திருத்திப் படிக்கவும்.

பெர்லினிலிருந்து ரயிலில் வந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏறுவது பற்றிக் கேட்டவருக்கு: உங்கள் பயணமே நாலு மணி நேரம், நடுவில் கெடுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. இரண்டு ரயில் உபரி என்றால் உங்களுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆகிவிடும். அன்றே வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெர்லினிலிருந்தே பறக்கும் மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுங்கள், தோஹா வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ. இணைப்பு தவறினால் அவர்கள் பொறுப்பு. விலை வித்தியாசம் ஒரு ஹோட்டல் இரவுக்குள் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.